பழைய பேப்பரில் கொலைகாரியைத் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

தந்தையையும் சிற்றன்னையையும் வெட்டிக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட லிஸ்ஸி போர்டன் பேச்சு வந்தாலே அந்தச் சிறுவர் பாட்டு வந்துவிடும்: அம்மாவுக்கு 40 வெட்டு, அப்பாவுக்கு 41. 1892 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்காவின் ஃபால் ரிவரில் நடந்த கொலை அது. சிற்றன்னை உடலில் இருந்த வெட்டுகள் 20-க்கும் குறைவு, தந்தைக்கு 10 அல்லது 11. எண்ணிக்கை கிடக்கட்டும். 1893 ஜூனில் ஜூரி லிஸ்ஸியை விடுதலை செய்ததே பலருக்குத் தெரியாது.

முதல் பக்கத்தில் வந்தால் உண்மை என்று நம்பிவிடுவது அடுத்த சறுக்கல். கொலை நடந்த 1892-இலேயே, அக்டோபர் 10 அன்று பாஸ்டன் குளோப் நாளிதழ் பக்கம் பக்கமாக எழுதியது: 25 புதிய சாட்சிகள், லிஸ்ஸி கர்ப்பம், அப்பாவோடு தகராறு. தனியார் துப்பறிவாளர் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு நிருபரிடம் தள்ளிவிட்ட கட்டுக்கதை. இரண்டே நாளில் குளோப் மன்னிப்புக் கேட்டது. நம் ஆட்கள் வெட்டிப் பகிர்வது 10-ஆம் தேதிப் பக்கத்தைத்தான். அடுத்த இரண்டு நாள் பேப்பரைப் புரட்ட யாருக்குப் பொறுமை?

முகத்தை வர்ணிக்கும் வரிகளைச் சாட்சியம்போல் படிக்கவே கூடாது. கண்ணீர் விடாததால் லிஸ்ஸி கல்நெஞ்சக்காரி என்றார்கள். விசாரணையில் அரசுத் தரப்பின் தொடக்க உரையின்போது அவர் மயங்கிச் சாய்ந்தார். பாவம் பெண் என்று எழுதவும் ஆள் இருந்தது. 1849-இல் லண்டனில் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட மரியா மேனிங்கிடம் கண்ணை உறுத்தியது கறுப்பு சாட்டின் உடை. அதன்பின் அந்தத் துணியை வாங்கவே ஆளில்லை என்ற கதை இன்றும் ஓடுகிறது, ஆதாரம்தான் இல்லை.

தேதி பார்க்காமல் ‘அன்றைய பத்திரிகைகள்’ என்று மொத்தமாகப் பேசுவதும் ஆகாது. கணவரை விஷம் வைத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட லிவர்பூலின் ஃப்ளாரன்ஸ் மேப்ரிக், ஈ கொல்லும் தாளை ஊறவைத்து ஆர்செனிக் என்ற நஞ்சை எடுத்தது முகப்பூச்சுக்கு என்றார். கணவரோ ஆர்செனிக்கை மருந்தாகவே விழுங்கிவந்தவர். 1889 ஆகஸ்டில் மரண தண்டனை விதிக்கப்படும் வரை ஃப்ளாரன்ஸின் கள்ளக்காதலே பேச்சாக இருந்தது. தீர்ப்பு வந்ததும் காற்று திசை மாறி, நீதிபதி மேல் கோபம் பாய்ந்தது. தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 1904-இல் வெளியே வந்தார்.

தீர்ப்போடு படிப்பதை நிறுத்திவிடாதீர்கள். விடுதலையான லிஸ்ஸி அதே ஊரில் 1927 வரை வாழ்ந்தார். உள்ளூர்ப் பேப்பரான ஃபால் ரிவர் குளோப், ஆகஸ்ட் 4 வந்தால் திவசம் கொடுப்பதுபோல் பல ஆண்டுகள் அவரைக் குத்திக்காட்டி எழுதிக்கொண்டிருந்தது.