ஹால் டியூட்டிக்குப் போகும் முன்: வினாத்தாள் ரகசியம் காப்பது எப்படி

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டுகளைத் தேர்வு நாள்வரை வைத்திருக்கும் கட்டுக்காப்பு மையத்தில் போலீஸ் காவல் உண்டு. தேர்வன்று காலை அங்கிருந்து கொண்டுவரும் வழித்தட அலுவலர் கட்டைப் பள்ளியில் ஒப்படைத்த பிறகு, காவல் ஆசிரியர்களாகிய நம்முடையது.

முதலில் கைபேசி. சைலண்ட்டில் போட்டுப் பைக்குள் வைத்தால் போதாது. அணைத்து, தேர்வு மையத்துக்குப் பொறுப்பான முதன்மைக் கண்காணிப்பாளர் சொல்லும் இடத்தில் கொடுத்துவிட்டு அறைக்குப் போங்கள். ஸ்மார்ட் வாட்சுக்கும் இதேதான். 2015 மார்ச்சில் ஓசூரில் பிளஸ் டூ கணித வினாத்தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்காக ஆசிரியர்கள் கைதானார்கள். தாள் வெளியே போனது தேர்வு நடந்துகொண்டிருந்தபோது. ஆகவே, "மணி அடிச்சாச்சு, இனி என்ன ரகசியம்" என்ற பேச்சே வேண்டாம். தேர்வு முடியும்வரை வினா வெளியே போகக் கூடாது, விடை உள்ளே வரக் கூடாது.

உங்கள் பிள்ளையோ நெருங்கிய உறவுப் பிள்ளையோ அந்த ஆண்டு தேர்வு எழுதினால், பணி ஆணை வருமுன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

உறையைப் பிரிக்கும்போதுதான் அதிகம் சறுக்கும். பிளஸ் டூவில் இயற்பியலும் பொருளியலும் ஒரே நாளில் வருவதுண்டு. மேசையில் எல்லா உறையும் ஒன்றுபோலவே தெரியும். தேதி, பாடம், பயிற்றுமொழி மூன்றையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் கால அட்டவணையில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அறையில் சீல் உடையாமல் இருப்பதை மாணவர்களிடம் காட்டி, இருவரிடம் கையெழுத்து வாங்கிய பின்பே பிரியுங்கள். "எண்ணிப் பார்க்கத்தான்" என்று ஐந்து நிமிடம் முன்னதாகப் பிரிப்பதும் விதிமீறல்தான்.

வேறு நாள் உறை தவறுதலாகப் பிரிந்துவிட்டதா? ஸ்டேப்ளர் அடித்து உள்ளே வைத்துவிடாதீர்கள். அந்த நிமிடமே முதன்மைக் கண்காணிப்பாளரிடமும், துறை சார்பில் மையத்தில் இருக்கும் துறை அலுவலரிடமும் சொல்லுங்கள். பிரிந்த நேரம், பார்த்தவர்கள் பெயர் எல்லாம் எழுத்தில் போகட்டும். உடனே சொன்னால் மாற்று ஏற்பாட்டுக்கு அவகாசம் இருக்கும். மறைத்தால் கவனக்குறைவு குற்றமாகிவிடும்.

10 மணிமுதல் 10.10வரை வினாத்தாள் படிக்கும் நேரம் மாணவர்களுக்கானது. நீங்கள் உட்கார்ந்து படிக்காதீர்கள். யாராவது சந்தேகம் கேட்டால் விளக்க வேண்டாம். அச்சுப்பிழை என்று தெரிந்தால் முதன்மைக் கண்காணிப்பாளருக்குச் சொல்லி அனுப்பலாம், அவ்வளவுதான். வராதவர்களின் தாளை எண்ணி, எண்ணிக்கையைக் குறித்து அலுவலகத்தில் ஒப்படையுங்கள். ஜன்னலோர மேசையில் அனாதையாகக் கிடக்கும் அந்த ஒரு தாள் போதும், வெளியே நிற்பவருக்கு.

விடைத்தாள் திருத்தும் முகாமில் முகப்புத்தாளைப் பிரித்து டம்மி எண் போடுவது எழுதியவர் யாரென்று தெரியாமலிருக்கத்தான். எந்த மாவட்டத்துக் கட்டு வந்தது என்பதை டீக்கடையில் சொன்னால் அந்த ஏற்பாடே வீண். வேடிக்கையான விடையைப் படமெடுத்து ஆசிரியர் குழுவில் போடும் பழக்கமும் இதில் சேர்த்திதான்; அந்தக் கையெழுத்து யாருடையது என்று அந்தப் பிள்ளையின் வகுப்பாசிரியருக்குத் தெரியும்.