ஸ்கைரிமில் முதல் பத்து மணி நேரம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

2011 நவம்பர் 11 அன்று பெதஸ்டா வெளியிட்ட ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்’ வீடியோ விளையாட்டை இன்றைக்கும் புதிதாகத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள், எங்கே போவது, எதை வளர்ப்பது என்று தெரியாமல் பாதியில் விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆடுபவர் எந்தத் திசையிலும் போகலாம், எந்த வித்தையையும் கற்கலாம் என்னும் சுதந்திரமே இதன் பெரும் பலம். எதிரிகள் நம்மோடு சேர்ந்து வளர்வதும், குவெஸ்ட்டுகள் (விளையாட்டு தரும் பணிகள்) ஆங்காங்கே சிக்கிக்கொள்வதும், கதையில் அழுத்தம் குறைவதும் அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை. இவ்விரண்டையும் அறிந்து ஆடுவதற்கான வழி இது.

படி 1: தனியாகச் சேவ் செய்யுங்கள்

விளையாட்டு தானாகவே சேவ் செய்துகொள்ளும். ஆனால் அந்தச் சேவ்கள் சிலவே, பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். முக்கியமான உரையாடலுக்கு முன்பும் குகைக்குள் நுழைவதற்கு முன்பும் நீங்களே புதிதாக ஒரு சேவ் எடுத்துவையுங்கள். வர வேண்டிய பாத்திரம் வராமல் எங்கோ நின்றுவிட்டால், பின்னோக்கிச் செல்வதைத் தவிர வேறு வழியிராது. கணினியில் ஆடுபவர்கள், பிழைகளைத் திருத்த ரசிகர்கள் உருவாக்கிய ‘அன்அஃபிஷியல் பேட்ச்’சை நிறுவிக்கொண்டால் இத்தகைய தொல்லை வெகுவாகக் குறையும்.

படி 2: ஹெல்கனில் அதிகம் யோசிக்க வேண்டாம்

கதை தொடங்கும் ஊரான ஹெல்கனில், பத்து இனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எந்த இனத்தவரும் எந்த வித்தையையும் கற்க முடியும் என்பதால், பிடித்த முகத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிராகன் தாக்கி, அங்கிருந்து தப்பி ஓடும்போது பேரரசுப் படைவீரன் ஹாட்வரோடு போவதா, கிளர்ச்சிப் படைவீரன் ரலோஃபோடு போவதா என்பதும் உங்களைக் கட்டிப்போடாது. அவ்விரு படைகளுக்கும் இடையிலான உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கம் என்பதைப் பின்னால் முடிவு செய்யலாம். வெளியே வந்து ரிவர்வுட் கிராமத்துக்குச் செல்லும் வழியில் மூன்று நடுகற்கள் நிற்கும். போர்வீரர், மந்திரவாதி, திருடர் என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டால், அந்த வகை வித்தைகளை 20 சதவீதம் விரைவாகக் கற்பீர்கள். பின்னர் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

படி 3: தங்க நகத்தைக் கையில் வைத்துப் பாருங்கள்

இந்த விளையாட்டு எதற்காகப் புகழப்படுகிறது என்பதை அறிய, ரிவர்வுட் கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள். திருடுபோன தங்க நகத்தைத் தேடி, மலைமேலுள்ள ‘பிளீக் ஃபால்ஸ் பேரோ’ என்னும் கல்லறைக்குள் இறங்க வேண்டும். சிலந்தி வலையில் சிக்கித் தொங்கும் திருடனை விடுவித்தால், அவன் நன்றி சொல்லாமல் ஓடிப்போவான். அதிக தூரம் போக மாட்டான். இறுதியில், விலங்கு உருவங்கள் பொறித்த மூன்று வளையங்கள் கொண்ட கதவு வழிமறிக்கும். விடையை எவரும் சொல்ல மாட்டார்கள், நானும் இங்கே எழுதப்போவதில்லை. பைக்குள் இருக்கும் அந்த நகத்தைத் திறந்து, பெரிதாக்கி, உள்ளங்கைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கையிலிருக்கும் பொருளே பதிலைச் சுமந்திருப்பதை உணரும் அந்தக் கணத்துக்காக எத்தனை குறைகளையும் பொறுத்துக்கொள்ளலாம். பின்னால் வரும் கல்லறைகளில் அதே வாள்பொறிகளும், அதே பிணவீரர்களும், வெளியேறும் குறுக்குவழியும் திரும்பத் திரும்ப வருவதால், ஒரே நாளில் இரண்டு கல்லறைகளுக்கு மேல் போகாதீர்கள்.

படி 4: லெவலை வீணாக்காதீர்கள்

வாள் வீசினால் வாள்வித்தை வளரும், பதுங்கி நடந்தால் பதுங்கும் திறன் வளரும். மொத்தம் 18 வித்தைகள். எது வளர்ந்தாலும் லெவல் ஏறும். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பெர்க் (வித்தையை மேம்படுத்தும் சிறப்புத் திறன்) கிடைப்பதோடு, உடல்நலம், மந்திர ஆற்றல், உடல்வலு ஆகியவற்றில் ஒன்றை 10 கூட்டிக்கொள்ளலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கொல்லுப்பட்டறையில் நின்று விலையுயர்ந்த பொருள்களை அடித்துக் குவித்தால் லெவல் கிடுகிடுவென ஏறும். ஆனால் வெளியே இருக்கும் எதிரிகளும் அதற்கேற்ப வலுப்பெற்றிருப்பார்கள், உங்களுக்கோ சண்டை தெரிந்திருக்காது. எனவே முதல் பத்து பெர்க்குகளில் பெரும்பகுதியை ஓர் ஆயுதத்துக்கும் ஒரு கவசத்துக்குமே கொடுங்கள். அழிவு மந்திரத்தை நம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வித்தை வளர்ந்தால் மந்திரத்துக்கான செலவு குறையுமே தவிர, அடியின் வலு தானாகக் கூடாது.

படி 5: ஒயிட்ரன், பிறகு மலை

ஒயிட்ரன் நகருக்கு வெளியே திரியும் ராட்சதர்களிடம் நெருங்க வேண்டாம். ஒரே அடியில் உங்கள் உடல் வானத்தில் பறக்கும். நகரை ஆளும் யார்லைச் சந்தித்து, மேற்குக் காவல்கோபுரத்தில் முதல் டிராகனைக் கொல்லும் வரை முதன்மைக் கதையைத் தொடருங்கள். அது நெருப்பை உமிழும்போது கோபுரத்துக்குள் ஒதுங்கி, தரையிறங்கியபின் தாக்குங்கள்.

அதன்பின் கதையை நிறுத்திவிட்டு ஊர் சுற்றலாம். நீங்கள் சேரக்கூடிய குழுக்களின் கதைகளிடம் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்: மிகச் சில மந்திரங்களை மட்டுமே பயன்படுத்தி விண்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரியின் தலைவராகிவிட முடிகிறது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அலைந்து சலித்தபின் 7000 படிகள் என்று பெயர்பெற்ற பாதையில் ஏறி ஹை ஹ்ரோத்கர் மடத்துக்குப் போங்கள். வழியில் ஒரு பனிப் பூதம் காத்திருக்கும். அது நெருப்புக்கு அஞ்சும். தொடக்கத்திலேயே உங்களிடம் இருக்கும் தீச்சுடர் மந்திரத்தை ஒரு கையில் ஏற்றிக்கொண்டு, பின்வாங்கியபடியே சுடுங்கள்.