வீட்டில் ஒலிப்பதிவு: சவுண்ட் கார்டில் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

பிள்ளையின் தேவாரத்தைப் பதியலாம் என்று கணனியைத் திறந்தால் ஒன்றும் பதியாது. பதிந்தாலும் குரலோடு ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் சேர்ந்து வரும். உடனே ரவுனுக்குப் போய்ப் புது மைக் வாங்காதீர்கள். பெரும்பாலும் பிழை வேறிடத்தில்தான். மைக்கிலிருந்து சவுண்ட் கார்ட் (ஒலியை உள்வாங்கி வெளிவிடும் கணனிப் பகுதி) வரை ஒலி போகிற வழியிலேயே ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

படி 1: ஜாக்

மேசைக்கணனியில் மைக்குக்கு உரியது இளஞ்சிவப்புத் துளை. நீலத் துளையில் செருகினால் குரல் கேட்டும் கேளாததுமாக இருக்கும். முன்பக்கத் துளையில் இரைச்சல் கூடுதலாக இருந்தால் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். மடிக்கணனியில் ஒரே துளைதான் என்றால் மைக் வயரின் ஜாக்கிலுள்ள (செருகும் முனையிலுள்ள) கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருக்க வேண்டும். இரண்டு வளைய மைக்கென்றால், மைக்கையும் ஹெட்போனையும் பிரித்துத் தரும் இணைப்பு வயர் ஒன்று தேவை. 48 வோல்ட் கேட்கும் கண்டென்சர் மைக்குக்கு இந்தத் துளை போதாது, ஓடியோ இன்டர்ஃபேஸ் (மைக்குக்கு அந்த மின்சாரத்தைக் கொடுத்து, ஒலியைக் கணனிக்கு அனுப்பும் வெளிப் பெட்டி) வேண்டும்.

படி 2: விண்டோஸ்

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ஐத் திறந்து, ‘ரெக்கோர்டிங்’ பக்கத்தைப் பாருங்கள். பேசும்போது உங்கள் மைக்குக்கு நேரே பச்சைக் கோடு ஏறி இறங்க வேண்டும். அது ஏறியும் ஓடாசிட்டியில் (ஒலி பதியும் இலவச மென்பொருள்) அலை வெறும் நேர்கோடாக நின்றால், ஓடாசிட்டியில் வேறு மைக் தெரிவாகியிருக்கும். இல்லையேல் ‘பிரைவசி’ பக்கத்தில் மைக் அனுமதி அணைந்திருக்கும்.

மைக்கை இருமுறை அழுத்தி ‘லெவல்ஸ்’க்குப் போங்கள். பூஸ்ட் (மைக்கின் ஒலியைப் பெருக்கும் வசதி) +10 டெசிபலுக்கு மேல் வேண்டாம். +30 வைத்தால் குரலோடு ‘ஸ்ஸ்’ஸும் ஏறும். பதியும்போது உரத்த இடத்தில் ஓடாசிட்டியின் ஒலிமானி -12க்கும் -6 டெசிபலுக்கும் இடையில் நின்றால் நல்லது. 0ஐத் தொட்டால் அலையின் முனை வெட்டுப்படும், பிறகு திருத்த முடியாது.

‘என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ (கணனி தானாகச் செய்யும் ஒலித் திருத்தங்கள்) எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இது பாட்டுப் பதிவுக்கு மிக முக்கியம். இரைச்சல் குறைக்கும் வசதி, மாறாமல் ஒலிக்கிற எதையும் இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். சுருதிப்பெட்டியின் நாதம் சில விநாடியில் தேய்ந்து மறைவது இதனால்தான்.

படி 3: ‘ம்ம்ம்’ இரைச்சல்

மடிக்கணனியின் சார்ஜரைக் கழற்றி, பற்றரியில் ஒரு நிமிடம் பதியுங்கள். இரைச்சல் போனால் குற்றம் மின்சாரப் பக்கம். ஓடாசிட்டியின் ‘ப்ளொட் ஸ்பெக்ட்ரம்’இலும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வரைபடம்) உறுதிப்படுத்தலாம்: நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 50, 100, 150இல் முகடுகள் நிற்கும்.

எங்கள் வீடுகளில் அடிக்கடி காண்பது இது: இரண்டு ஊசி பிளக்கை, எர்த் ஓட்டையைப் பேனையால் குத்தித் திறந்து, மூன்று ஓட்டை சொக்கற்றில் செருகுவார்கள். அது ஆபத்து, எர்த்தும் கிடைக்காது. சார்ஜரிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் கணனியின் உடலில் தங்கி மைக் வயருக்குள் ஏறுகிறது. கையால் உலோகப் பகுதியைத் தடவினால் விறுவிறுப்புத் தெரிவதும் அதனால்தான். மூன்று ஊசி சார்ஜர் பாவியுங்கள். அதன் எர்த் ஊசியை ஒருபோதும் வெட்டாதீர்கள். மிக்சர் (பல மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் கருவி) பாவித்தால், அதுவும் கணனியும் ஒரே மல்டிபிளக்கில் இருக்கட்டும். வெவ்வேறு சொக்கற்றுகளில் இருந்தால் இரண்டு எர்த் வழிகள் வளையமாகி அதே இரைச்சலைத் தரும்.

பற்றரியிலும் இரைச்சல் நிற்கவில்லையா? மைக் வயரைச் சார்ஜர் வயரிலிருந்து விலக்குங்கள், கைத்தொலைபேசியைத் தள்ளி வையுங்கள், ஃபான் ரெகுலேற்றரை அணையுங்கள். அதன் பிறகும் மிஞ்சினால் கணனிக்குள் இருக்கும் சவுண்ட் கார்டையே சந்தேகிக்கலாம். யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட் ஒன்றை இரவல் வாங்கி, அதே மைக்கை அதில் செருகிப் பதிந்து பாருங்கள்.