மலை ஏறும் பைக்குக்கு ஸ்ப்ராக்கெட் மாற்றுவது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் மூட்டையோடு ஏற வேண்டிய பைக்குக்கு கியர் பாக்ஸைப் பிரிக்கத் தேவையில்லை. முன் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் முன்பக்கப் பல் சக்கரத்தில், ஒரு பல் குறைத்தாலே போதும். என் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நான் செய்து தருவது இதுதான்.

முதலில் பற்களை எண்ணுங்கள். பின்னால் 42, முன்னால் 14 என்றால் விகிதம் 3. முன்னால் 13 போட்டால் 3.23. எல்லா கியரிலும் இழுவை சுமார் 7.7 சதவீதம் கூடும். சும்மா கிடைக்காது: டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகம் தந்த அதே இன்ஜின் சுற்றுக்கு இனி 56தான். தினமும் சேலம் போய் வருகிறவர் இதைத் தொடவே வேண்டாம்.

பின்னால் 45 போட்டாலும் கிட்டத்தட்ட இதே பலன்தான், ஆனால் செயின் நீளம் பத்தாமல் போகலாம். முன்னால் குறைத்தால், அரை அங்குல பிட்ச் (அடுத்தடுத்த பின்களுக்கு இடையே உள்ள தூரம்) செயினுக்கு, பின் டயர் சக்கரத்தை 3 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால் சரியாகிவிடும்.

12 பல்லுக்கு இறங்காதீர்கள். செயின் ரொம்ப மடங்கிச் சீக்கிரம் தேயும். தேய்ந்த செயினோடு புது ஸ்ப்ராக்கெட் மட்டும் போடச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். அப்புறம், ஸ்பீடோமீட்டர் சென்சார் கியர் பாக்ஸில் இருக்கிற வண்டியா என்று பாருங்கள். அதில் மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும்.