பல வீட்டு மொழிகள், ஒரே வகுப்பு: கல்லூரியில் எழுதக் கற்பிக்கும் முறை

வேலூர்ப் பகுதிக் கலைக் கல்லூரிகளின் முதலாமாண்டுத் தமிழ் வகுப்பில், வீட்டில் உருது பேசும் வாணியம்பாடி மாணவரும், தெலுங்கு பேசும் சித்தூர் எல்லையோர மாணவியும், ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவரும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவரும் பக்கம் பக்கமாக அமர்ந்திருப்பார்கள். இவர்கள் அனைவருக்கும் எழுதக் கற்றுக்கொடுக்க விரும்பும் ஆசிரியர், முதல் வாரத்தில் பாடநூலைத் திறக்காமல், மதிப்பெண் இல்லாத ஒரு பத்தியை வகுப்பிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "நான் சென்ற சுற்றுலா" என்று கொடுத்தால், எங்கும் போக வாய்ப்பில்லாதவர் பேனாவை எடுக்கும் முன்பே பின்தங்கிவிடுகிறார். "உங்களுக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு வேலையை, அதை அறியாதவருக்கு விளக்குங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். சைக்கிள் பஞ்சர் ஒட்டுவதாகவோ கோலம் போடுவதாகவோ இருக்கலாம். பெற்றோரின் தொழிலைச் சொல்லும்படி மட்டும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, பீடி சுற்றுவதைத் தாமே விரும்பி ஏழு வரிகளில் எழுதினார். "ராத்திரியே இலைய நனச்சி துணில சுத்தி வெச்சிக்கினு காலைல வெட்டுவோம்" என்பது அதில் ஒரு வரி. ஏன் நனைக்க வேண்டும் என்று கேட்டேன். "காஞ்ச இலை சுத்தும்போது ஒடிஞ்சிடும் சார்" என்றார். வாசகருக்கு மிகவும் தேவையான அந்தக் காரணம் அவர் வாயில் இருந்தது, தாளில் இல்லை. அந்த வரியின் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தால், காரணத்தை எழுத வேண்டும் என்ற பாடம் அவருக்குக் கிடைத்தே இருக்காது. எனவே முதல் வரைவில் பொருளைப் பற்றிய கேள்விகளை மட்டும் எழுதுங்கள். மொழித் திருத்தம் இரண்டாம் வரைவுக்குக் காத்திருக்கட்டும்.

அந்தத் திருத்தத்திலும் "வெச்சிக்கினு" என்பதைக் கொச்சை என்று ஒதுக்குவது தவறு. "கொண்டு" என்பதே நம் வட ஆர்க்காட்டுப் பேச்சில் "கினு" ஆகியிருக்கிறது. "வந்துகினு இருந்தேன்", "வந்துகொண்டிருந்தேன்" என இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஏட்டுக்கு என்று காட்டினால், ஒழுங்கு பிடிபட்டுவிடுகிறது. ஒரே பாடத்தில் பல பிழைகள் மறைகின்றன, பேசிய மொழிக்காக யாரும் கூச வேண்டியதும் இல்லை. ர, ற மயக்கம் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் உண்டு என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு வகைப் பிழைகளுக்கு மேல் குறிக்க வேண்டாம்.

மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்பதை எழுதும் முன்பே அறிவித்துவிட வேண்டும். பத்து மதிப்பெண்ணில் பொருளுக்கும் வரிசைக்கும் ஆறு, திருத்தி எழுதிய உழைப்புக்கு இரண்டு, மொழிக்கு இரண்டு என்று நான் பிரிக்கிறேன். வகுப்பு முடிந்ததும் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவரும், மலைக்கான கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவரும் இருப்பதால், எழுதுவதற்கான நேரத்தை வகுப்புக்குள்ளேயே ஒதுக்குவதே நியாயம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை அவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆகவே பார்வையற்ற மாணவர் நம் வகுப்புக்கும் வருவார் என்று எண்ணியே குறிப்புகளைத் தயாரிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) தமிழாகப் படிக்காது, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே ஒலிக்கும். யூனிகோடில் அடித்த கோப்பைக் கொடுத்தால், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ (NVDA) என்னும் திரைவாசிப்பானே படித்துக் காட்டும். தேர்வில் சொல்லச் சொல்ல எழுதுபவரின் துணையோடு எழுதப் போகும் மாணவருக்கு, வாய்மொழியாகப் பத்தி கட்டும் பயிற்சியைப் பருவத்தின் தொடக்கத்திலேயே தர வேண்டும்: ஒரு வாக்கியம் சொல்லி, அதை வாசிக்கக் கேட்டு, மாற்றி, பிறகே அடுத்ததைச் சொல்லப் பழக்குங்கள்.