பழைய அம்பாசடரின் பளபளப்பு: பீடிங், கைப்பிடி, பம்பரைக் கழற்றுவதும் காப்பதும்

பழைய வண்டியை டிங்கரிங்குக்கும் பெயின்டுக்கும் விடும்போது அதிகம் அடிபடுவது வெளியே மின்னுகிற சாமான்கள்தான்: பக்கவாட்டு பீடிங் (கதவோரம் நீளமாக ஓடும் உலோகப் பட்டை), வண்டியின் பெயர் எழுத்துகள், கதவுக் கைப்பிடி, கிரில், பம்பர். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினால் பீடிங் ஒரே நிமிடத்தில் கையோடு வரும். ஆனால் கிளிப் இருந்த இடமெல்லாம் மடங்கி வரும். தகட்டில் விழுந்த அந்த மடிப்பை முழுதாக எடுக்க முடியாது. 2014-இல் உத்தரப்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனதால், மாற்றுச் சாமான் கிடைக்கும் என்ற தைரியத்தில் கை வைக்கக்கூடாது.

முதல் வேலை, எது என்ன உலோகம் என்று தெரிந்துகொள்வது. மின்னுவதெல்லாம் குரோம் அல்ல. பம்பர், நிக்கலும் குரோமும் பூசிய இரும்பு. எழுத்துகளும் கைப்பிடிகளும் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பின் மேல் முலாம். பீடிங் எவர்சில்வராகவும் இருக்கும், அலுமினியமாகவும் இருக்கும். இடையில் யாராவது கடையில் வாங்கி மாட்டியதாகவும் இருக்கலாம். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், எவர்சில்வரில் சில ரகமும் ஒட்டும். கழற்றியபின் முதுகுப்பக்கம் செந்துரு இருந்தால் முலாம் பூசிய இரும்பு, சுத்தமாக இருந்தால் எவர்சில்வர். ஒட்டாமல், கையில் எடுத்தால் காகிதம் போல லேசாக இருந்தால் அலுமினியம். ஒட்டாமல் கனமாக, பின்புறம் சாம்பல் நிறத்தில் அச்சுத் தடத்தோடு இருந்தால் துத்தநாகம்.

கழற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி இடம், வலம், முன், பின் என்று எழுதிவிடுங்கள். கதவு பீடிங்குகள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கிளிப் நிற்கும் இடம் மாறும். பிறகு வண்டியைக் கழுவுங்கள். மணல் இருக்கும்போது நெம்பினால் பெயின்டில் கோடு விழும்.

கதவின் உள் அட்டையைக் கழற்றினால் சில பீடிங்குகளின் நட்டுகள் உள்ளே தெரியும். துரு இளக்கும் ஆயிலை முந்தைய நாள் இரவே அடித்துவிட வேண்டும். அடித்த கையோடு ஸ்பேனர் போடுவது பலன் தராது. அம்பாசடரின் நட்டு, போல்ட்டில் நிறைய இஞ்சு அளவு. 7/16 இஞ்சு நட்டில் 11 எம்எம் ஸ்பேனர் சரியாக உட்காராது, 12 எம்எம் போட்டால் முனை மழுங்கும். 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்களைத் தனியாக வாங்கி வைப்பது நல்லது.

வெறும் கிளிப்பில் நிற்கும் பீடிங்குக்கு பிளாஸ்டிக் ஆப்பு போதும். கிடைக்காவிட்டால் அகலமான பட்டி பிளேடில் இரண்டு சுற்று டேப் சுற்றிக்கொள்ளலாம். ஓரத்துப் பெயின்டிலும் இரண்டு அடுக்கு டேப் ஒட்டுங்கள். ஒரு முனையைத் தூக்கி இழுக்கக் கூடாது. ஒவ்வொரு கிளிப்புக்கும் நேராக ஆப்பை வைத்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் விலக்கி, கடைசி வரை போய், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். நீளத் துண்டுக்கு ஆள் இரண்டு பேர். ஒருவர் விலக்க, மற்றவர் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

எழுத்துகளில்தான் அதிக நஷ்டம். பின்னால் நிற்கும் துத்தநாக முளைகள் வயதானால் பிஸ்கட் போல ஒடியும். முளையைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் நட்டு துருப்பிடித்திருந்தால் அதைத் திருகவே வேண்டாம். கட்டரால் நட்டை நறுக்கி எடுங்கள், புது நட்டு சில ரூபாய்தான். பசையில் ஒட்டிய எழுத்தென்றால் ஹேர் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுப்பது போல இழுக்கலாம்.

பம்பரின் உருண்டைத் தலை போல்ட்டுகள் நட்டோடு சேர்ந்து சுற்றும், ஏனென்றால் தலைக்குக் கீழுள்ள சதுரக் கழுத்து உட்காரும் ஓட்டை துருவில் தேய்ந்திருக்கும். தலையைப் பிடிக்கப் போய் குரோமைக் கெடுக்காமல், பின்பக்கம் நட்டை அறுத்துவிடுவதே மேல்.

இனி சுத்தம். எவர்சில்வருக்கு மேலே பூச்சு எதுவும் இல்லை, முழுக்க ஒரே உலோகம். ஆகவே தாராளமாகத் தேய்க்கலாம். சொட்டையைப் பின்னாலிருந்து மரக்கட்டையில் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி எடுத்து, வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) 400, 600, 1000, 2000 நம்பர் என்று ஏறி, கடைசியில் பஃபிங் (சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றுவது). பஃபிங் சக்கரம் பீடிங் விளிம்பைக் கவ்வினால் பறித்து வீசிவிடும், கையும் கிழியும். பலகையில் கட்டிவைத்து, சக்கரம் விளிம்பைவிட்டு வெளியே ஓடும் திசையில் மட்டும் பிடிக்க வேண்டும்.

குரோமில் இது எதுவும் செய்யக்கூடாது. அந்த முலாம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, அடியிலுள்ள நிக்கல்தான் இரும்பைக் காக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஈரம் இறங்கிப் புள்ளிப் புள்ளியாகத் துரு எட்டிப் பார்க்கும். சமையல் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் மேல்துரு போய்விடும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. குழியாகிவிட்ட இடம் திரும்பி வராது, மறுமுலாம்தான். முலாம் கடையில் கொடுக்கும்போது இது துத்தநாகம், இது இரும்பு என்று பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் அமிலத் தொட்டி துத்தநாக வார்ப்பைத் தின்றுவிடும். குத்துவிளக்குக்குப் போடும் புளியையும் இதே காரணத்தால் எழுத்துகள் பக்கம் கொண்டுபோகக்கூடாது.

அலுமினிய பீடிங்கில் ஆனோடைஸ் பூச்சு (மின்சாரத்தால் உண்டாக்கிய காப்புப் படலம்) இருந்தால் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரமான கிளீனர் பட்டால் பூச்சு கரைந்து, திட்டுத் திட்டாக வெளுக்கும். மெட்டல் பாலிஷும் வேண்டாம்.

வண்டியின் ரப்பர் சாமான்களில் மண்ணெண்ணெய், டீசல் தடவும் பழக்கம் இன்னும் போகவில்லை. அன்றைக்குக் கறுப்பாகத் தெரியும், பிறகு ஊதி இளகிவிடும். கிளிசரின் தடவலாம். பெயின்ட் வேலை பாக்கி இருந்தால் சிலிக்கான் ஸ்பிரே மட்டும் கூடாது, அது பட்ட இடத்தில் புதுப் பெயின்ட் மீன்கண் போலக் குழிவிழும்.

மாட்டுவதற்கு முன் பாடியிலுள்ள ஓட்டைகளைப் பாருங்கள். துரு தொடங்குவது அங்கேதான். கிளிப் பெயின்டைச் சுரண்டி, ஈரமும் தேங்கி, இரண்டு வேறு உலோகங்களும் ஒட்டி நிற்பதால் பாடித் தகடு அரிக்கும். துருவைச் சுரண்டி, ஜிங்க் பிரைமர் அடித்து, டச்சப் பெயின்ட் காய்ந்தபின் கிளிப்பின் அடியில் மெல்லிய ரப்பர் வாஷரும் கொஞ்சம் கிரீஸும் வைத்து மாட்டுங்கள். எழுத்தின் நட்டை விரலால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள்.

கடலோர ஊர்களில் ஓடும் வண்டிக்கு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, பம்பரின் உள்பக்கத்தையும் துடைக்க வேண்டும். குரோமுக்கு மாதம் ஒருமுறை கார் வாக்ஸ். பம்பரின் உள்பக்கத்தில் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து அதன்மேல் பெயின்ட் கொடுத்தால், பின்னாலிருந்து ஏறும் துரு வெகுநாள் தள்ளிப்போகும்.