வீட்டுல செய்யிற சிஎன்சி றூட்டருக்கு பெல்ட்டா ஸ்குறூவா? வாங்க முதல் ஒரு கணக்கு

சிஎன்சி றூட்டர், அதாவது கம்பியூட்டர் சொல்றபடி மரம் வெட்டுற மெசின், செய்யப் போறன் எண்டு வாறவங்கட முதல் கேள்வியே "போல் ஸ்குறூ வாங்கட்டா" எண்டுதான் இரிக்கும், வீடியோ எல்லாத்துலயும் அதுதானே பளபளண்டு கிடக்கு. போல் ஸ்குறூ எண்டா மோட்டர் சுத்துறதை நேர் ஓட்டமா மாத்துற, நட்டுக்குள்ள சின்னக் குண்டு உருளுற ஸ்குறூ. நான் திருப்பிக் கேக்கிறது, மெசின் எவ்வளவு நீளம், எதை வெட்டப் போறீங்க? இது ரெண்டும் தெரியாம வாங்கினா நான் பட்ட பாடுதான். கல்லடியில வீட்டுக்குப் பின்னால கொட்டில்ல செஞ்ச என்ட முதல் மெசினுக்கு காசு மிச்சம் புடிக்கிறன் எண்டு எட்டு மில்லி திறெட் றொட் (சாதாரண மரை போட்ட கம்பி) போட்டன், அது ஆமை மாதிரி ஊர்ந்திச்சு, வேகத்தைக் கூட்டினா மோட்டர் கத்துது ஆனா அசையல்ல, வட்டம் வெட்டச் சொன்னா முட்டை வெட்டி வெச்சிச்சு.

முதலாவது: எழுதி வையுங்க

பெயர்ப்பலகை, சின்னச் சிற்பம் எண்டா 60 சென்ரிமீற்றர் காணும். கட்டில் தலைமாடு, ஏழடிக் கதவு எண்டா அது வேற கதை. மரமும் முக்கியம், எம்டிஎஃப் (மர நாரை ஒட்டி அழுத்தின பலகை) பிஸ்கட் மாதிரி, முதிரை அப்படி இல்ல, பிட்டை (வெட்டுற அலகை) திருப்பித் தள்ளும்.

ரெண்டாவது: மோட்டர் ஒருக்கா கிறுகினா எவ்வளவு தூரம் போகும்?

எல்லாமே இந்தக் கணக்குக்குள்ளதான் கிடக்கு, கொஞ்சம் நிண்டு பாருங்க. நான் போட்ட எட்டு மில்லி றொட் ஒரு சுத்துக்கு 1.25 மில்லி. நாலு திறெட் ஒண்டாச் சுத்தி ஓடுற டி8 லீட் ஸ்குறூ (குண்டு இல்லாத, 8 மில்லி தடிப்பு ஸ்குறூ) சுத்துக்கு 8 மில்லி. 1605 போல் ஸ்குறூ எண்டா பேர்லயே கிடக்கு, 16 மில்லி தடிப்பு, சுத்துக்கு 5 மில்லி. ஜிடி2 எண்ட பல்லு வெச்ச பெல்ட்டுல (பல்லுக்குப் பல்லு 2 மில்லி) 20 பல்லுக் கப்பி போட்டா 40 மில்லி. மொடியூல் ஒண்டு (பல்லுட அளவு) றாக்குக்கு, அதாவது பல்லு வெட்டின நீளச் சட்டத்துக்கு, 20 பல்லுப் பினியன் (அதுல ஓடுற பல்லுச் சில்லு) எண்டா கிட்டத்தட்ட 63 மில்லி.

இப்ப நிமிசத்துக்கு 3000 மில்லி ஓடணும் எண்டு வெச்சா, 1605க்கு மோட்டர் 600 சுத்து சுத்தணும், டி8க்கு 375, பெல்ட்டுக்கு வெறும் 75. என்ட றொட்டுக்கு 2400! இந்த மெசினுக்குப் போடுற ஸ்டெப்பர் மோட்டர் (ஸ்டெப் ஸ்டெப்பாச் சுத்துறது), அதுட குணம் வேகம் கூடக் கூட இழுவை கொறையிறது, அதுதான் அது கத்தினது.

ஆனா பெல்ட்தான் திறம் எண்டு ஓடிராதீங்க. ஒரு சுத்துக்குப் போற தூரம் கூடினா பலம் கொறையும், நுணுக்கமும் கொறையும். 1.8 பாகை மோட்டர் சுத்துக்கு 200 ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16 மைக்ரோஸ்டெப்பாப் பிரிச்சா சுத்துக்கு 3200, அதால மில்லிக்கு பெல்ட்டுக்கு 80 ஸ்டெப், டி8க்கு 400, 1605க்கு 640. றாக்குக்கு நேர மோட்டரைப் பூட்டாம மூண்டுக்கு ஒண்டு குறைப்பு (மோட்டர் மூண்டு சுத்துக்குப் பினியன் ஒரு சுத்து) போடுறது இதுக்குத்தான்.

மூண்டாவது: ஒவ்வொரு அச்சுக்கும் தனியாத் தெரிவு செய்யுங்க

நீளம், அகலம், மேல கீழ எண்ட மூண்டு அச்சுக்கும் ஒரே சாமான் போடணும் எண்டு சட்டம் இல்ல. ஒரு மீற்றருக்கு உள்ள, கடும் மரம், 1605 போடுங்க. கை கொஞ்சம் இறுக்கமா, எம்டிஎஃப் மட்டும்தானா, டி8ஓட ஸ்பிறிங் வெச்ச அன்ரி பெக்லாஷ் நட் (திசை மாறும்போது வாற இடைவெளியை, அதாவது பெக்லாஷைக் கொறைக்கிறது) போதும். கதவு நீளத்துக்கு ஸ்குறூ வேணாம்: நீளம் ரெண்டு மடங்கானா அது ஆடாமச் சுத்தக்கூடிய வேகம் கால்வாசியாப் போயிரும், ஸ்கிப்பிங் கயிறு மாதிரி ஆடும். அங்க றாக்தான். பெல்ட் நீளத்தோட இழுபடும், 6 மில்லி அகலம் 3டி பிரிண்டருக்குத்தான் சரி, அகலமா எடுங்க.

மேல கீழ போற இசட்டுக்கு ஒரு எச்சரிக்கை. போல் ஸ்குறூவில உராய்வு மிச்சம் கொறைவானதால பாரமான ஸ்பிண்டில் (பிட்டைச் சுத்துற மோட்டர்) எண்டா கரண்ட் போன உடனே தானா இறங்கும், பிட் மரத்துக்குள்ள நிக்கும். நம்மட ஊர்ல கரண்ட் போகாம இரிக்குமா? சுத்துக்கு 2 மில்லி போற ஒத்தைத் திறெட் லீட் ஸ்குறூ போட்டா தானா இறங்காது, என்ட இசட்டுல இப்ப அதுதான்.

நாலாவது: சில்லறைச் சாமான்

போல் ஸ்குறூ வாங்கினா முனை செதுக்கினதையே எடுங்க. மேல்பக்கம் கடுமாக்கின இரும்பு, லேத்தில குடுத்தா கட்டர் உடையுது எண்டு திட்டு வாங்குவீங்க. ஒரு முனை இறுக்கமான பெயாரிங், மத்த முனை சும்மா தாங்க. கடல் பக்கம் இரிக்கிறவங்க கிரீஸ் பூசாம விட்டா ஒரு மாரிக்குள்ள துரு புடிக்கும், றாக்குக்கும் அதே கதிதான்.

அஞ்சாவது: பூட்டிட்டு சோதிக்கிறது

மெசினை ஓட்டுறது ஜீஆர்பிஎல் எண்ட மென்பொருள் எண்டா அதுட டொலர் ($) 100, 101, 102 செட்டிங்ல மேல சொன்ன ஸ்டெப் கணக்கைப் போடுங்க. மறுகா ஒரு டயல் கேஜை (நுணுக்கமா அசைவை அளக்கிற முள்ளு மீற்றரை) வெச்சு ஒரு மில்லி முன்னுக்குக் கொண்டு போய் முள்ளை சைபராக்குங்க, இன்னும் ஒரு மில்லி முன்னுக்கு, ஒரு மில்லி பின்னுக்கு. முள் சைபருக்கு வரல்லயா, அந்த வித்தியாசம்தான் பெக்லாஷ், வட்டத்தை முட்டையாக்கினது அதுதான். ஸ்பிண்டிலை விரலால தள்ளும்போது முள் ஆடி, விட்டா திரும்பி வந்தா அது பெக்லாஷ் இல்ல, பெல்ட் இழுபடுது இல்லாட்டி சட்டம் வளையுது, அதுக்கு நட் மாத்தி பிரயோசனம் இல்ல.